கரிக்கட்டையின் நிழல்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். வைத்தது யார் என்று ஒருவருக்கும் நினைவில்லை. பொருத்தம் பார்த்து வைத்த பெயர் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஈர விரிப்புகளை இயந்திரத்தின் வயிற்றிலிருந்து வாரி எடுப்பாள். உலர்த்தியில் திணித்துக் கதவைச் சாத்துவாள். அது சுற்றத் தொடங்குவதற்குள் இஸ்திரி உருளைக்கு ஓடிவிடுவாள். விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். அவளோடு ஜோடி சேர்ந்த அத்தனை பேருக்கும் ஒரே புகார்தான். தாங்கள் ஓரடி எடுத்து வைப்பதற்குள் அவள் முழுத் தூரத்தையும் நடந்து வந்து மூக்கெதிரே நிற்கிறாளாம்.

உட்காரச் சொன்னால் உட்காருவாள், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் கால் உட்காராது. வலது முழங்கால் தையல் மிஷினை மிதிப்பது போல ஆடிக்கொண்டே இருக்கும். மேஜையில் வைத்த தேநீர் அலையடிக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் மரியாதையாகத் தங்கள் கோப்பையைக் கையில் தூக்கிக்கொள்வார்கள். ஏன் இப்படி ஆட்டுகிறாய் என்று கேட்டால், "நானா ஆட்டுறேன், அது ஆடுது" என்பாள். பிறந்த வீட்டில் அவள் மூத்தவள். அவள் உட்கார்ந்தால் போதும், தம்பி தங்கைகளில் யாராவது ஒருவர் "அக்கா" என்று கூப்பிட்டுவிடுவார்கள். எப்படியும் எழுந்திருக்கத்தானே போகிறோம் என்று பாதி உட்கார்ந்தே பழகிய உடம்பு. தம்பி தங்கைகள் ஆளுக்கொரு குடும்பமாகப் பிரிந்து, பெற்ற மகளும் கல்யாணமாகிப் போய், கூப்பிட ஆளே இல்லாமல் ஆன பிறகும் அந்த உடம்பு அதை நம்பவில்லை.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வீட்டுக்காரர் எப்படி இருப்பார்? நேர் எதிர்தான். லாரி எடை மேடையில் அவருக்கு வேலை. கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை, உள்ளே ஒரு நாற்காலி, வெளியே தரையோடு தரையாக இரும்பு மேடை. லாரி ஏறும், எண் காட்டும், சீட்டு வரும், லாரி இறங்கும். பகல் முழுக்க உட்கார்ந்த மனிதர் வீட்டுக்கு வந்து, மொட்டை மாடிக்குப் போய், மறுபடியும் உட்காருவார். இந்தத் தடவை தொலைநோக்கியின் முன்னால். அவள் துணி காயப்போடப் போகும்போது எப்படி இருந்தாரோ, எடுக்கப் போகும்போதும் அப்படியே இருப்பார். "உயிர் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். "இருக்கு" என்பார். பல நாட்களில் அவர்களுக்குள் நடந்த நீண்ட பேச்சு அதுதான்.

அவர் துரத்தியது நிலாவையோ வளையம் போட்ட கிரகத்தையோ அல்ல. அதைக் காட்டியிருந்தால் அவளும் ஒரு நிமிடம் நின்று பார்த்திருப்பாள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் கணக்கில்லாத கற்கள் கூட்டமாகச் சூரியனைச் சுற்றுகின்றன அல்லவா, அந்தக் கூட்டத்தின் வெளி ஓரத்தில், வியாழன் பக்கமாக ஒதுங்கிப் போகிற ஒரு கல். அடுப்புக்கரி நிறம். மேலே விழுகிற வெயிலைக்கூடத் திருப்பித் தர மனசு வராத அளவுக்குக் கறுப்பு. பெயர் கிடையாது, எண்தான். எந்தத் தொலைநோக்கியில் பார்த்தாலும் ஒரு புள்ளி, அதுவும் இருக்கிறதா இல்லையா என்று கண்ணைக் கசக்க வைக்கிற புள்ளி. எடை போட்டே காலம் கழித்தவருக்கு அதன் அளவு தெரிந்தாக வேண்டியிருந்தது. எதற்கு என்று கேட்டால், "அது எவ்வளவு பெருசுன்னு யாருக்குமே தெரியாது" என்பார், அதற்கு மேல் ஒரு காரணம் வேண்டுமா என்கிற மாதிரி. அவள் அதற்குக் கரிக்கட்டை என்று பெயர் வைத்தாள். கோபம் வந்தால் சக்களத்தி.

அந்தக் கல்லை அளக்க அவருக்கு இருந்த ஒரே வழி அதன் நிழல். போகிற வழியில் எப்போதாவது அது ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே வரும். அப்போது அந்த நட்சத்திர வெளிச்சத்தில் கல்லின் நிழல் பூமியின் மேல் விழுந்து ஓடும். கல் எவ்வளவு அகலமோ நிழலும் அவ்வளவு அகலம். நிழலின் வழியில் உட்கார்ந்திருப்பவருக்கு நட்சத்திரம் சில நொடிகள் அணைந்து மறுபடி எரியும். நிழல் ஓடும் வேகம் முன்பே தெரியும் என்பதால், போன நேரத்தையும் வந்த நேரத்தையும் பிடித்துவிட்டால் கல்லின் நீளம் கைக்கு வந்துவிடும். இரண்டில் ஒன்றை விட்டாலும் கதை பாதியில் நின்றுவிடும். இதற்கென்றே மூன்று பேர் சேர்ந்த ஒரு கோஷ்டி இருந்தது. ஒரு கணக்கு வாத்தியார், ஒரு பல் டாக்டர், மூன்றாவது இவர். நிழல் வரும் வழியில் ஆளுக்கோர் இடமாகத் தள்ளித் தள்ளி உட்காருவார்கள். ஒலிப்பதிவு ஓடும். அதில் நொடிக்கு ஒரு தடவை கடிகாரச் சத்தம் விழும். நட்சத்திரம் அணைந்ததும் "போச்சு" என்று சொல்ல வேண்டும், எரிந்ததும் "வந்துச்சு" என்று சொல்ல வேண்டும். இந்த இரண்டு சொற்களைத் தவிர அங்கே வேறு எந்தச் சொல்லுக்கும் இடமில்லை என்பது கோஷ்டியின் சட்டம்.

கரிக்கட்டைக்காக அவர்கள் உட்கார்ந்த போதெல்லாம் ஒன்று மேகம் வந்தது, இல்லாவிட்டால் நிழல் வேறு பக்கமாகப் போனது. இந்தத் தடவை வாத்தியார் போட்ட கணக்குப்படி நிழல் வீட்டுக்காரரின் மொட்டை மாடி வழியாகவே போகிறது, அதுவும் இருட்டிய கொஞ்ச நேரத்தில். அவர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அதைச் சொல்லியும் காட்டினாள்.

நாள் நெருங்கியபோது அவர் கண்ணில் விழித்திரை பிய்ந்துகொண்டது. அவருடைய நல்ல கண் அதுதான். மற்றது சின்ன வயதிலிருந்தே சோம்பேறி. அறுவை செய்த டாக்டர் கண்ணுக்குள் ஒரு வாயுக்குமிழியை விட்டு வைத்தார். குமிழி மேலே எழும்பி, பிய்ந்த திரையை அதன் இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும், சாப்பிடும்போதும் தூங்கும்போதும். தலையைத் தூக்கினால் ஒட்டியது மறுபடி விட்டுப்போகலாம் என்று டாக்டர் எச்சரித்து அனுப்பினார். வானத்தைப் பார்த்துக் கிடந்த மனிதருக்குத் தரைதான் மிச்சம்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இருப்புக் கொள்ளாமல் தவித்தது அவர்தான். குனிந்த தலையோடு கூடத்துக்கும் அறைக்கும் நடந்தார். கதவில் இடித்துக்கொண்டார். மேகம் இருக்கிறதா என்று கேட்பார், அவள் மாடிக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்து இல்லை என்பாள். அவள் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் இப்போது இருக்கிறதா என்பார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீ உட்காரு."

"எங்க?"

"மாடியில. எனக்குப் பதிலா."

அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. "நான் உட்காந்தா உங்க தொலைநோக்கியும் சேந்து டான்ஸ் ஆடும். வேற ஆளைப் பாருங்க."

"வேற ஆள் இல்ல. வாத்தியாருக்கும் பல் டாக்டருக்கும் அவங்கவங்க இடம் இருக்கு." கொஞ்ச நேரம் அவர் சோற்றைப் பிசைந்தார். "இனிமே எனக்கு மங்கலான நட்சத்திரம் தெரியுமான்னு தெரியல. இது ஒண்ணு மட்டும் கிடைச்சாப் போதும்."

அவர் எதையும் போதும் என்று கேட்டவர் அல்ல, வேண்டும் என்று கேட்டவரும் அல்ல.  அவள் பேரம் பேசினாள். தான் கண்ணை எடுக்காமல் பார்ப்பதாகவும், என்ன ஆனாலும் அவர் தலையைத் தூக்கக் கூடாது என்றும். அவர் ஒப்புக்கொண்டார்.

அந்த மாலை வாத்தியார் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வானம் கறுக்கும்வரை காத்திருந்து, தொலைநோக்கியைத் திருப்பி, நட்சத்திரத்தோடு அதை நகர்த்துகிற மோட்டாரை ஓடவிட்டு, அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக இருந்தன. நடுவில் இருப்பதுதான் நம்முடையது, அதற்குப் பக்கத்தில் கல் தெரியாது, தேட வேண்டாம் என்றார். வீட்டுக்காரரை அண்ணன் என்றும் அவளை அண்ணி என்றும் கூப்பிடுகிற ஆள். "இமைக்கலாம் அண்ணி, தப்பில்ல. கண்ணை மட்டும் எடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு, தன் இடத்துக்கு நேரமாகிவிட்டதென்று பறந்தார்.

வீட்டுக்காரருக்கு ஒரு மேஜை, அதன் மேல் மடித்த தலையணை, அதில் நெற்றி. அவளுக்கு ஒரு பழைய மர ஸ்டூல். தொலைநோக்கியின் காலில் பட்டுவிடாதபடி தள்ளிப் போட்டு, எட்டி வளைந்து உட்கார்ந்தாள். முழங்கால் ஆடத் தொடங்கியது. ஸ்டூல் கிரீச் கிரீச் என்றது. நிறுத்திப் பார்த்தாள், நின்றது. நட்சத்திரத்தைப் பார்க்கத் திரும்பியதும் மறுபடி ஆடியது. ஆடித் தொலையட்டும் என்று விட்டுவிட்டாள்.

கண்ணை ஓர் இடத்தில் கட்டிப் போட்டால் மனசு அவிழ்த்துக்கொண்டு ஓடும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தண்ணீர் மோட்டாரை அணைத்தோமா? கொடியில் இன்னும் இரண்டு சட்டை கிடக்கிறதே. பாலை மூடி வைத்தோமா? நாளைக்கு அறுவை அரங்கத்துப் பச்சை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வருமே, புதுப் பெண் உருளையின் வேகத்தைக் கூட்டித் தொலைப்பாளே. எழுந்து போய் ஒரே ஒரு வேலையை முடித்துவிட்டு வந்தால் என்ன என்று கால் கெஞ்சியது. கண்ணில் தண்ணீர் கட்டியது. இந்தப் புள்ளிக்காகவா இத்தனை வருஷம் என்னை மாடிப்படியில் நின்று கத்த வைத்தார் என்று கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபமும் போய், நட்சத்திரம் அணையாமலே இருந்துவிட்டால் இவர் என்ன ஆவார் என்ற பயம் பிடித்துக்கொண்டது. அணைந்துவிடு, அணைந்துவிடு என்று அதைக் கேட்டுக்கொண்டாள். எதையும் அவ்வளவு ஆசையோடு அவள் கேட்டதில்லை.

அணைந்தது. மங்கவில்லை, சிமிட்டவில்லை. மூன்றாக இருந்தது இரண்டாக இருந்தது. நடுவில் வெறும் கறுப்பு.

சொல்ல வேண்டிய சொல் அவள் வாயில் வரவில்லை.  முழங்கால் நின்றுவிட்டது, ஸ்டூல் சத்தம் நின்றுவிட்டது. அவள் ஆட்டம் நிற்பதை அந்த மனிதர் வாழ்நாளில் கேட்டதே இல்லை. முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது.

"போச்சா?"

நாற்காலி தரையில் தேய்ந்தது. அவர் எழுந்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. கண்ணை எடுக்கக் கூடாது. இதோ இப்போது வந்துவிடும், இன்னும் கொஞ்சம். அவர் தலையைத் தூக்கிவிட்டார். இரண்டையும் ஒரே சமயத்தில் அவள் அறிந்திருந்தாள். திரும்பினாள்.

மறைப்பு ஒட்டிய கண்ணோடு, வாயைத் திறந்து, அவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல கண் இரண்டு உள்ளவனுக்கே வெறுமனே பார்த்தால் தெரியாத நட்சத்திரம் அது. அதை அவரே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அவள் பாய்ந்து, இரண்டு கையாலும் அவர் பிடரியைப் பிடித்து, விரிப்பை இயந்திரத்துக்குள் அமுக்குவது போல அமுக்கினாள்.

"குனிங்க. குனிங்கன்னா குனிங்க."

நெற்றி தலையணையில் பட்டதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து கண்ணை வைத்தாள். மூன்று நட்சத்திரங்களும் ஒன்றுமே நடக்காதது போல இருந்தன.

"எப்ப வந்துச்சு?" என்றார், தலையணைக்குள்ளிருந்து.

"தெரியல."

"தெரியலன்னா?"

"உங்க தலையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

 பிறகு அவர், அந்தக் குரல் அவருடையதுதானா என்று அவள் திகைக்கும்படி, தணிந்த குரலில் சொன்னார். போனது, தான் "போச்சா" என்று கேட்ட நேரம் என்று வைத்துக்கொள்ளலாமாம், வந்தது ஐந்து நொடி கழித்து என்று வைத்துக்கொள்ளலாமாம், கல்லின் மங்கலை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் வருமாம். கண்டதைத் தவிர வேறெதையும் சொல்லக் கூடாது என்று வாத்தியாரிடமே சண்டை பிடித்த மனிதர் பேசிய பேச்சு அது.  அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வாத்தியார்தான். பல் டாக்டருக்கு மேகமாம். தன் இடத்தில் நட்சத்திரம் அணையவே இல்லையாம், நிழல் தன்னைத் தொடாமல் தள்ளிப் போயிருக்கிறது. நீங்கள்தான் பாக்கி என்றார்.

அவர் தலையணையில் முகத்தை வைத்தபடி ஒரு கையை மட்டும் தூக்கி, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். சொல்லிவிட்டால் அவருக்குக் கல் கிடைத்துவிடும். தப்பான கல்லாக இருக்கும், ஆனால் கிடைத்துவிடும். "போனதைப் பாத்தேன் தம்பி" என்றாள். "வந்ததைப் பாக்கல. அண்ணன் தலையைத் தூக்கிட்டாரு, அமுக்கப் போயிட்டேன். பாக்காததை நான் எப்படிச் சொல்றது?"

விரித்த கை மெல்ல மடங்கியது. போனை வைத்ததும், ஏன் திரும்பினாய் என்று கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கல்லு சுத்திக்கிட்டுத்தான் இருக்கும், ஒரு நாள் வரும். உங்க கண்ணு போனா வருமா?"

 தலையணையிலிருந்து கொஞ்சம் நகர்ந்த அவர் முகத்திலிருந்து கண்ணீர் கன்னத்தில் இறங்காமல் நேராகத் தரையில் சொட்டியது. என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கொடியில் கிடந்த இரண்டு சட்டைகளையும் எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

கண் பிழைத்தது. ஒரு தடவை தூக்கியதால் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்று கண் டாக்டர் சொன்னார். எடை மேடையின் எண் தெரிந்தது, லாரி தெரிந்தது, அவள் முகம் தெரிந்தது. மங்கலான நட்சத்திரம் தெரியவில்லை. மாடிக்குப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்கி வந்தவர், சலவைக்கூடத்தில் கழித்துப் போட்ட ஒரு விரிப்பைக் கேட்டு வாங்கித் தொலைநோக்கியைப் போர்த்தி வைத்தார்.  உப்பு கொடு, கதவைச் சாத்து என்கிற அளவில் வீட்டில் பேச்சு ஓடியது.

அவளால்தான் விட முடியவில்லை. நின்றாலும் நடந்தாலும் அந்தக் கறுப்பு கண்முன் வந்தது. பார்த்தது பாதி, பார்க்காதது பாதி. வேலையில் விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். பம்பரத்துக்கு என்ன ஆச்சு என்று ஜோடிப் பெண் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கடைசியில் அவளே வாத்தியாருக்குப் போன் செய்து, கரிக்கட்டை அடுத்து எங்கே நிழல் போடும் என்று கேட்டாள். தூரத்து ஊர், ரயிலில் போக வேண்டும், சில மாதம் ஆகும் என்றார் அவர். அவள் தானும் வருவதாகச் சொன்னாள். அந்தச் சில மாதமும் விரிப்பை விலக்கிவிட்டு மாடியில் உட்கார்ந்து பழகினாள். யாரும் கூப்பிடவில்லை.

வாங்க, போகலாம் என்று வீட்டுக்காரரைக் கேட்டாள். "அங்க எனக்குப் பாக்க என்ன இருக்கு?" என்றார். சரி என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ரயில் நகரும்வரை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள், ஒருவேளை வந்திருப்பாரோ என்று. வரவில்லை.

அந்த ஊரில் ஒரு விடுதியின் மாடி. வாத்தியார் எல்லாவற்றையும் பொருத்திக் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். காற்று இருந்தது, மேகம் இல்லை. அவள் உட்கார்ந்தாள். கால் ஆடியது. நட்சத்திரம் அணைந்ததும் "போச்சு" என்றாள். கறுப்பு நின்றது. அவள் நினைத்ததைவிட நீளமாக நின்றது. பின்னால் எந்த நாற்காலியும் தேயவில்லை. "வந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். வாத்தியார் போனில் குதித்தார், தனக்கும் கிடைத்துவிட்டதாம், பதிவைக் கேட்டு நொடியைச் சரிபார்த்து அவளுக்கும் சொன்னார். இத்தனை வருஷம் கழித்துக் கரிக்கட்டை எவ்வளவு பெரிது என்று தெரிந்துவிட்டது.

வீட்டுக்குப் போன் போட்டாள். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார். கூடத்துக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருக்கிறார் என்பது செருப்புச் சத்தத்திலேயே தெரிந்தது.

"போச்சா?"

"போச்சு. வந்துச்சு. ரெண்டையும் பாத்தேன்."

"நடுவுல திரும்பலையே?"

"திரும்பிப் பாக்க இங்க யாரு இருக்கா?"

செருப்புச் சத்தம் நின்றது. அடுத்து எத்தனை நொடி என்று கேட்பார் என்று அவள் எண்ணை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"காலையில வண்டி எத்தனை மணிக்கு வந்து சேரும்?" என்றார். "நான் ஸ்டேஷனுக்கு வரேன்."